தள்ளிப் போன தேதி

அடைக்கலசாமிக்கு ஐதராபாத்தில் மத்திய அரசு வேலை கிடைத்த நாளிலிருந்து அவர் வாயில் அதிகம் புழங்கிய சொல் 'ரகசியம்' என்பதுதான். வரதராசன்பேட்டையில் அவரோடு முந்திரிக் காட்டில் கொட்டை பொறுக்கித் திரிந்தவர்கள், அவர் லீவில் வரும்போதெல்லாம் டீக்கடையில் சூழ்ந்துகொண்டு, "அங்க என்னதாண்டா செய்யிறீங்க?" என்று கேட்பார்கள். அவர் டீ கிளாஸை ஒருமுறை சுழற்றுவார். கடைக்கு வெளியே இரண்டு பக்கமும் பார்ப்பார். அப்புறம் குரலைத் தணித்து, "நாட்டுப் பாதுகாப்பு சம்பந்தப்பட்டது. அதுக்கு மேல கேக்காத" என்பார். கேட்டவனுக்கு உடம்பு சிலிர்த்துப் போகும். டீக்குக் காசு அவன்தான் கொடுப்பான்.

சாந்தி மேரி இவருக்கு வாழ்க்கைப்பட்டதே இந்த ரகசியத்தை நம்பித்தான். அவள் ஏலாக்குறிச்சிப் பெண். அங்கே சிஸ்டர்கள் நடத்திய தையல் வகுப்பில் படித்துவிட்டு, ஊரில் பாதிப் பேருக்கு ரவிக்கை தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். எழுபத்தொன்பதில் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையிடம் அவளுடைய அப்பா, "ஆபீஸ்ல என்ன வேலைங்க?" என்று கேட்டார்.

"சொல்றதுக்கு அனுமதி இல்லைங்க மாமா."

அப்பா அசந்துபோனார். வெளியே சொல்ல முடியாத அளவுக்குப் பெரிய வேலை என்றால் அது எவ்வளவு பெரிய வேலையாக இருக்க வேண்டும்! மறுநாளே சம்மதம் சொல்லியனுப்பிவிட்டார்.

ஐதராபாத்தில் பாதுகாப்பு ஆராய்ச்சிக்கூடத்தின் குடியிருப்பில் இரண்டு அறை வீடு. காலையில் அடையாள அட்டையைச் சட்டைப்பையில் குத்திக்கொண்டு கிளம்புகிற மனுஷன், சாயங்காலம் வந்து சாய்வு நாற்காலியில் விழும்போது ஒரு பெருமூச்சு விடுவார். நாடே அவர் தோளில் உட்கார்ந்திருந்து இப்போதுதான் இறங்கியது போல இருக்கும் அந்தப் பெருமூச்சு.

"மத்தியானம் என்னங்க சாப்பிட்டீங்க?" என்று ஒருநாள் கேட்டுவிட்டாள்.

"ஏன் கேக்குற?" என்றார் அவர், சட்டென்று நிமிர்ந்து.

"சும்மாதாங்க."

"சும்மா கேக்குற மாதிரிதான் எல்லாரும் கேப்பாங்க. உள்ள நடக்கிற எதையும் கேக்காத மேரி."

சோற்றுக்குக்கூட ரகசியம் உண்டா என்று சாந்தி மேரி யோசித்தாள். பிறகு அதையும் பழகிக்கொண்டாள். அமுதா பிறந்தாள், பள்ளிக்கூடம் போகத் தொடங்கினாள். சாந்தி மேரி ஒரு தையல் மெஷின் வாங்கிப்போட்டுக் குடியிருப்புப் பெண்களுக்கு ரவிக்கை தைத்தாள். வெள்ளிக்கிழமை துணி கொடுத்தால் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகும் வழியில் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவாள். கிராஸ் கட்டிங்கில் அவளை மிஞ்ச ஆள் இல்லை என்று பெயர். துணியைக் கோணலாகப் போட்டு வெட்டினால் அது உடம்பின் வளைவோடு வளைந்து கொடுக்கும், சுருக்கம் விழாது.

அந்தக் குடியிருப்பில் ராவ் என்று ஓர் என்ஜினியர் இருந்தார். அவருடைய மனைவி சாந்தி மேரியிடம் தைக்கக் கொடுப்பவர். ஒருநாள் ராவ் சாரே வீட்டு வாசலில் வந்து நின்றார், கையில் எண்ணெய் ஊற்றுகிற புனல் ஒன்றுடன். ஒரு துண்டுத் துணியைக் கொடுத்து, இந்தப் புனல்மேல் இதைச் சுருக்கமே இல்லாமல் போர்த்திக் காட்டச் சொன்னார். முதல் தடவை சுருங்கியது. இரண்டாவது தடவையும் சுருங்கியது. மூன்றாவது முறை கோணல் வெட்டாக வெட்டிப் போர்த்தினாள், அது தோல் மாதிரி ஒட்டிக்கொண்டது.

"இப்பிடி வெட்டினா வளையுங்க சார்" என்றாள்.

"அது தெரியும்மா. தெரிஞ்ச கைதான் கிடைக்க மாட்டேங்குது" என்று சிரித்தார் அவர். "வேலைக்கு வர்றியா?"

போலீஸ்காரர் ஒருவர் ஏலாக்குறிச்சிக்குப் போய் அவளைப் பற்றி விசாரித்துவிட்டு வந்தார். கான்ட்ராக்ட் ஆளாக எடுத்துக்கொண்டார்கள். உள்ளே பார்த்ததை வெளியே யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று எழுதிக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள். வீட்டுக்கு வந்து சொன்னபோது அடைக்கலசாமியின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே!

"ஒனக்கா? உள்ளயா?"

"ஆமாங்க. நாளையிலேருந்து."

அவர் எழுந்து நடந்தார். தண்ணீர் குடித்தார். மறுபடி வந்து உட்கார்ந்தார். "உள்ள வந்தா என்னையத் தேடிக்கிட்டு மட்டும் வந்துறாத. நான் இருக்கிற பக்கம் யாரும் வரக் கூடாது. ரொம்பக் கண்டிப்பான எடம்."

அந்தக் கண்டிப்பான இடம் எது என்று முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது. சாப்பாட்டு வேளையில் கூட வேலை செய்த பெண்கள் அவளைக் கேன்டீனுக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். உள்ளே நுழைந்தவள் கதவோடு நின்றுவிட்டாள். பெரிய அண்டாவுக்குப் பின்னால், தலையில் வெள்ளைத் தொப்பியும் இடுப்பில் துண்டுமாக, கையில் கரண்டியோடு நின்றிருந்தவர் சாட்சாத் அடைக்கலசாமி. "மோருக்கு அந்தப் பக்கம் வரிசை! இங்க சாம்பார் மட்டுந்தான்!" என்று மூன்று பாஷை கலந்து அதட்டிக்கொண்டிருந்தார். அவர் இவளைப் பார்க்கவில்லை.

தலைவலி என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டாள். சிரிப்பை வேலைக் கொட்டகை வரைக்கும் அடக்கிக்கொண்டு வந்து, துணிச்சுருள்களுக்குப் பின்னால் நின்று முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வருகிறவரை சிரித்த பிறகுதான், இத்தனை வருஷமாக அந்த மனுஷன் இதை மறைக்க எவ்வளவு பாடுபட்டிருக்கிறார் என்ற நினைப்பு வந்தது. அப்புறம் சிரிக்க முடியவில்லை. மறுநாளிலிருந்து வீட்டிலிருந்தே தூக்குவாளியில் சோறு கொண்டுபோய்க் கொட்டகையிலேயே சாப்பிட்டாள். கேன்டீன் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

கேன்டீனில் பார்த்த அன்று சாயங்காலமும் அவர் சாய்வு நாற்காலியில் விழுந்து பெருமூச்சு விட்டார். "இன்னிக்கு ரொம்ப நெருக்கடி மேரி. எல்லாம் என் கையிலதான் நின்னுச்சு."

'சாம்பாரா?' என்று நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிக்கொண்டு, "அப்பிடிங்களா" என்றாள் சாந்தி மேரி.

அவளுடைய வேலை வேறு மாதிரியானது. கார்பன் துணி என்றார்கள். பெண்கள் அதைக் கரித்துணி என்றே சொன்னார்கள். கன்னங்கரேல் என்று, தொட்டால் அரிக்கிற துணி. அதைக் கோணலாக வெட்டி, பசை ஏற்றி, ஆள் உயரக் கூம்பு அச்சின்மேல் அடுக்கு அடுக்காகப் போர்த்த வேண்டும். ஓர் அடுக்கில் சுருக்கம் விழுந்தால் அதைப் பிரித்துவிட்டு மறுபடி ஆரம்பிக்க வேண்டும். ஒருநாள் அலுத்துப்போய், "இம்மாம் சின்னச் சுருக்கத்துக்கு என்னங்க சார்?" என்று கேட்டுவிட்டாள்.

ராவ் சார் கொஞ்சம் யோசித்தார். "இது ரொம்ப உயரம் போயி, காத்துக்குள்ள திரும்பி வரும்மா. வர்ற வேகத்துல இரும்பே உருகிப்போற சூடு. ஒரு சுருக்கம் இருந்தா அது வழியா சூடு உள்ள பூந்துரும். அவ்வளவுதான்."

அதற்குப் பிறகு அவள் எதுவும் கேட்கவில்லை. ஆனால் இரும்பே உருகும் சூட்டுக்குத் தன் கை வெட்டிய துணி போகப்போகிறது என்ற நினைப்பு வயிற்றில் ஒரு மூலையில் போய் உட்கார்ந்துகொண்டது.

சாயங்காலம் அவள் கையைப் பார்த்து, "என்ன இது கரி?" என்று கேட்டார் அடைக்கலசாமி.

"சொல்லக் கூடாதுங்க."

இந்த வார்த்தையை அவர் இத்தனை காலமாகச் சொல்லித்தான் வந்திருக்கிறாரே தவிர, வாங்கிப் பழக்கமில்லை. அடுத்த நாள் மல்லிகைப்பூ வாங்கி வந்தார். அதற்கடுத்த நாள் அல்வா. "புருசங்கிட்டகூடவா?" என்றார்.

"யாருகிட்டயும் கூடாதுன்னுதாங்க எழுதி வாங்கியிருக்காங்க. நீங்கதான சொல்லுவீங்க, உள்ள நடக்கிற எதையும் கேக்கக் கூடாதுன்னு?"

அல்வாவை அவரே சாப்பிட்டார்.

எண்பத்தொன்பதாம் வருஷம் கூம்பு வேலை முடிந்து எங்கோ கொண்டுபோனார்கள். அவளுக்கு வேலை ஓய்ந்தது. அமுதாவுக்கும் முழுப் பரீட்சை முடிந்திருந்தது. வரதராசன்பேட்டையில் அடைக்கலசாமியின் மாமன் மகன் ஆரோக்கியசெல்வத்தின் தங்கைக்கு மே மாதக் கடைசியில் கல்யாணம். சேர்ந்திருந்த லீவையெல்லாம் எடுத்துக்கொண்டு சித்திரை பிறந்த கையோடு ஊருக்கு வந்துவிட்டார்கள்.

ஊரே முந்திரி வாசனையாக இருந்தது. பழம் உதிர்ந்து கிடந்தது. வீட்டுக்கு வீடு பெண்கள் கொட்டை உடைத்துக்கொண்டிருந்தார்கள். கொட்டைத் தோட்டிலிருந்து கசியும் எண்ணெய் பட்டு எல்லோர் விரலும் கறுத்திருந்ததால் சாந்தி மேரியின் விரலை யாரும் ஏனென்று கேட்கவில்லை. மாமியார் சவரியம்மாவுக்கு மருமகள்மேல் பிரியம்தான். ஒரே ஒரு குறை, அமுதாவுக்குப் பிறகு இன்னொன்று இல்லையே என்பது.

வந்த சில நாளிலேயே அது நடந்தது. பக்கத்து வீட்டுப் பஞ்சவர்ணம் ரேடியோவைச் சத்தமாக வைப்பவள். ஒரிசாக் கடற்கரையிலிருந்து அக்னி என்கிற ஏவுகணை பறக்கவிருந்தது, கடைசி நேரத்தில் நிறுத்திவிட்டார்கள், தேதி தள்ளிவைக்கப்பட்டது என்று செய்தி. ரொம்ப உயரம் போய், காற்றுக்குள் திரும்பி வருவதாம். சாந்தி மேரி அதைக் கேட்டபோது மாங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தி நின்றுவிட்டது.

அன்றைக்குப் பிடித்தது அவளுக்குப் பயம். கடைசி அடுக்குக்கு முந்திய அடுக்கில், கூம்பின் நுனிக்குக் கொஞ்சம் கீழே, மயிரிழை போல ஒரு மடிப்பு இருந்ததா இல்லையா? நீவி விட்டோமே, ராவ் சார் விரலால் தடவிப் பார்த்துச் சரி என்றாரே, அவர் தடவியது அந்த இடத்தையா பக்கத்து இடத்தையா? சோறு இறங்கவில்லை. தூக்கம் வரவில்லை. புளிப்பாக எதையாவது கடித்தால்தான் நெஞ்சு அடங்கியது. உப்பு தொட்டு மாங்காயாகத் தின்றாள்.

இதையெல்லாம் சவரியம்மா ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார்.

டீக்கடையில் அடைக்கலசாமியின் நிலைமை வேறு. ஆரோக்கியசெல்வம் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு, "என்ன மச்சான், ஒங்க பட்டாசு பத்தலையாமே?" என்றான்.

அடைக்கலசாமி டீ கிளாஸைச் சுழற்றினார். இரண்டு பக்கமும் பார்த்தார். "எல்லாம் திட்டப்படிதான் நடக்குது. வெளியில இருக்கிறவனுக்கு அது புரியாது" என்றார். கூட்டம் கொஞ்சம் அடங்கியது.

மே மாதம் பிறந்ததும் இரண்டாம் தடவை. இந்த முறையும் கிளம்பப்போகிற நேரத்தில் நிறுத்திவிட்டார்கள். ரேடியோவில் கேட்டபோது சாந்தி மேரி கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். ஈரப் புடவையைக் கொடியில் போட்டபடியே நின்று, "மாதாவே, ரெண்டாந் தரமும் தள்ளிப் போயிருச்சே!" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டாள்.

முறத்தோடு கொல்லைக்கு வந்த சவரியம்மா காதில் அது விழுந்தது. முறத்தைக் கீழே வைத்தார். கிட்டே வந்து மருமகளின் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்தார்.

"ரெண்டு தரமாவா?"

யோசிக்காமல் தலையாட்டிவிட்டாள் சாந்தி மேரி.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா புள்ள? அதான மாங்காயா திங்கிறியேன்னு பாத்தேன்!"

விஷயம் என்னவென்று அவளுக்குப் புரிவதற்குள் சவரியம்மா வேலிக்கு அந்தப் பக்கம் பஞ்சவர்ணத்திடம் சொல்லி முடித்திருந்தார். பஞ்சவர்ணத்திடம் சொன்னால் ஆண்டிமடம் வரைக்கும் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அன்றே சாந்தி மேரியின் கையிலிருந்து குடம் பிடுங்கப்பட்டது. குனியக் கூடாது, கொட்டை உடைக்கக் கூடாது, வெயிலில் நிற்கக் கூடாது. ராத்திரிச் சோற்றில் நெய் மிதந்தது.

மறுநாள் டீக்கடையிலிருந்து அடைக்கலசாமி, கக்கத்தில் பேப்பரோடு, குழம்பிய முகத்தோடு வந்து சேர்ந்தார். கதவைச் சாத்தினார்.

"மேரி, ஊரெல்லாம் என் கையப் புடிச்சுக் குலுக்குறாங்க."

"எதுக்குங்க?"

"ஒனக்கு ரெண்டு மாசமா தள்ளிப் போயிருக்காமே?"

"மாசம் இல்லைங்க. தேதிதான் தள்ளிப் போச்சு."

"எந்தத் தேதி?"

"அது..." சாந்தி மேரி கையைப் பிசைந்தாள். "அது சொல்லக் கூடாதுங்க."

அடைக்கலசாமி கட்டிலில் உட்கார்ந்தார். "ஏண்டி, புள்ள உண்டாவறதுகூடவா ஆபீஸ் ரகசியம்?"

அவளுக்குச் சிரிப்பு பீறிட்டது. அவர் சிரிக்கவில்லை. கக்கத்திலிருந்த பேப்பர் மடியில் விழுந்திருந்தது. ஏவுகணை இரண்டாம் தடவையாகத் தள்ளிப்போன செய்தி முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் இருந்தது. அவர் பேப்பரைப் பார்த்தார். அவள் விரல்களைப் பார்த்தார். மறுபடி பேப்பரைப் பார்த்தார்.

"அந்தக் கரி..."

"கேக்காதீங்க."

அவர் பேப்பரை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்தார். கடைசியில் ரொம்ப மெல்லிய குரலில், "நல்லா செஞ்சிருக்கியா?" என்று மட்டும் கேட்டார்.

அதைக் கேட்டதும்தான் அவளுக்கு அழுகை வந்தது. "தெரியலைங்க. ஒரு எடத்துல மடிப்பு இருந்துச்சோன்னு பயமா இருக்கு."

அடைக்கலசாமி எழுந்து போய் அவளுக்கு ஒரு மாங்காய் நறுக்கிக்கொண்டு வந்தார்.

அம்மாவிடம் சொல்லிவிடலாமா என்றால் அதற்கும் வழியில்லை. பிள்ளை இல்லை என்றால், தள்ளிப் போனது எது என்று கேட்பார். அதைச் சொல்ல முடியாது. ஆகவே ஏவுகணை கிளம்புகிறவரை சாந்தி மேரி பிள்ளைத்தாய்ச்சியாகவே இருக்க வேண்டியதாயிற்று. நாட்டுக்காக நெய்ச்சோறு சாப்பிட்டாள்.

டீக்கடையில் கிண்டல் குறையவில்லை. "ரெண்டு தரம் திரியக் கிள்ளியும் வெடிக்கல" என்று ஆரோக்கியசெல்வம் ஒருநாள் ஆரம்பித்தான். வழக்கமாகக் கிளாஸைச் சுழற்றுகிற அடைக்கலசாமி, அன்றைக்கு அதைப் பெஞ்சில் டக்கென்று வைத்தார்.

"ஏண்டா, நிறுத்துனா கெட்டுப் போச்சுன்னு அர்த்தமா? நானூறு பேரு பந்தியில ஒக்காந்திருக்கான். பருப்பு வேகலன்னு ஒனக்குத் தெரியிது. எலையில ஊத்திட்டுத் திட்டு வாங்குவியா, அடுப்புலயே வச்சு இன்னுங் கொஞ்சம் வேக விடுவியா? கரண்டிய நிறுத்துறதுக்கும் ஒரு தைரியம் வேணும்டா!"

ஆரோக்கியசெல்வம் தலையைச் சொறிந்தான். "மச்சான், நீங்க அங்க ராக்கெட்டு விடுறீங்களா, சாம்பார் வைக்கிறீங்களா?"

கடையே குலுங்கிச் சிரித்தது. அடைக்கலசாமி சிவந்த முகத்தோடு வீட்டுக்கு வந்தார். நடந்ததைக் கேட்டபோது சாந்தி மேரிக்கு அவர்மேல் வந்த பிரியம் அதுவரை வந்ததில்லை.

சவரியம்மா மருமகளை ஏலாக்குறிச்சிக்குக் கூட்டிப்போனார். ஜெயங்கொண்டத்துக்கு ஒரு பஸ், அங்கிருந்து அரியலூருக்கு ஒரு பஸ், மூன்றாவது பஸ்ஸில் கூட்டம். "புள்ளத்தாய்ச்சி, எடம் விடுங்க!" என்று சவரியம்மா போட்ட சத்தத்தில் ஒரு முழு சீட்டே காலியானது. சாந்தி மேரி தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்தாள். அடைக்கல மாதா முன்னால் மாமியார் சின்ன மரத்தொட்டில் ஒன்றைக் கட்டினார். மருமகள் மெழுகுவர்த்தி ஏற்றினாள். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் முழந்தாளிட்டார்கள்.

"என்னடி வேண்டிக்கிட்ட?"

மாதா முன்னால் பொய் சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை. "நல்லபடியா எறங்கணும்னு வேண்டிக்கிட்டேன் அத்தை."

"எறங்கும் புள்ள. தல திரும்பி நல்லா எறங்கும். நீ பயப்படாத."

மாமியார் இவ்வளவு சரியாகச் சொல்வார் என்று சாந்தி மேரி எதிர்பார்க்கவில்லை. இன்னொரு மெழுகுவர்த்தி ஏற்றினாள்.

மே மாதம் மூன்றாவது வாரமும் போய், ஒரு திங்கட்கிழமை. ரேடியோ சொன்னது. அக்னி பறந்துவிட்டது. மேலே போய், திரும்பி, குறித்த இடத்தில் கடலில் விழுந்தது. எல்லாம் வெற்றி. சாந்தி மேரி அடுப்படிக்குப் போனாள். ஒரு செம்புத் தண்ணீரை நிற்காமல் குடித்தாள். பானையிலிருந்த பழைய சோற்றில் மோர் ஊற்றிக் கரைத்து, நின்றபடியே ஒரு பெரிய கிண்ணம் சாப்பிட்டாள். ஒரு மாதத்தில் அதுதான் அவள் ருசி தெரிந்து சாப்பிட்டது.

டீக்கடையிலிருந்து அடைக்கலசாமி ஓடி வந்தார். வேட்டி அவிழாத குறை. அடுப்படி வாசலில் வந்து நின்றவருக்கு மூச்சு வாங்கியது.

"போயிருச்சாம்!"

"வந்துருச்சுங்களா?"

"வந்துருச்சாம்! கருகாம வந்துருச்சாம்!"

அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அவருக்குத் தெரியவில்லை.

"எதுடா போச்சு? எது வந்துச்சு?" பின்னால் சவரியம்மா நின்றுகொண்டிருந்தார்.

இனி மறைக்க முடியாது. சாந்தி மேரி அவரை உட்காரவைத்து எதிரில் தானும் உட்கார்ந்தாள். "அத்தை, புள்ளையெல்லாம் ஒண்ணும் இல்லைங்க. நீங்களா நெனச்சுக்கிட்டீங்க. நானும் சொல்ல முடியாம இருந்துட்டேன். மன்னிச்சிருங்க."

சவரியம்மாவின் முகம் சுருங்கியது. "அப்ப தள்ளிப் போச்சுன்னியே?"

"அது வேறங்க."

"வேறன்னா?"

அடைக்கலசாமி தொண்டையைக் கனைத்தார். "அம்மா, அது நாட்டுப் பாதுகாப்பு சம்பந்தப்பட்ட ரகசியம்..."

"நீ சும்மா கெட. சோறு போடுற எடத்துல என்னடா ரகசியம்?"

அடைக்கலசாமி உறைந்து நின்றார். சாந்தி மேரியும்தான்.

"ஒவ்வொரு தரமும் ஊட்டுக்கு வந்து, என் கொழம்புல உப்புப் பாத்துட்டு 'நானூறு பேருக்குன்னா'ன்னு ஆரம்பிச்சு வாய மூடிக்குவியே, எனக்குத் தெரியாதா? ஊருல கெத்தா இருக்கட்டும்னு விட்டு வச்சேன்." சவரியம்மா மருமகள் பக்கம் திரும்பினார். அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இவ விசயம் வேற. இவ நெசமாவே எதையோ வச்சிருக்கா. சொல்லாட்டிப் போ. நல்லபடியா முடிஞ்சிதா?"

"முடிஞ்சிதுங்க அத்தை."

"அப்ப சரி."

சரி என்று சொன்னாரே தவிர, அன்று சாயங்காலம் சவரியம்மா தனியாகக் கொட்டை உடைக்கிற கல்லுக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார். பேறுகாலத்துக்கென்று தனியாக எடுத்து வைத்திருந்த முழு முந்திரிப் பருப்பையெல்லாம் மற்ற பருப்போடு கலந்து கொட்டினார். சாந்தி மேரி கூடப் போய் உட்கார்ந்து கொட்டை உடைத்தாள். இப்போது யாரும் தடுக்கவில்லை.

"தொட்டில் கட்டினது கட்டினதுதான்" என்றார் சவரியம்மா, நிமிராமல். "மாதாவுக்கு எப்ப தோணுதோ அப்ப குடுக்கட்டும்."

மாதாவுக்குத் தோன்றவில்லை. அமுதா ஒற்றைப் பிள்ளையாகவே வளர்ந்தாள். அதைச் சொல்லி சவரியம்மா மருமகளை ஒருநாளும் குத்திப் பேசியதில்லை.

அடைக்கலசாமி இரண்டு நாள் டீக்கடைக்குப் போகவில்லை. மூன்றாம் நாள் ஆரோக்கியசெல்வமே வீடு தேடி வந்தான். கேலிக்கு வந்திருக்கிறான் என்று நினைத்து அவர் உள்ளே எழுந்து போகப் பார்த்தார்.

"மச்சான், தங்கச்சி கல்யாணத்துக்கு ஜனம் கூடப் போவுது. சமையக்காரன் எரநூறு பேருக்கு மேல முடியாதுங்கிறான். ஒங்க நானூறு பேரு சாம்பார இங்க வந்து வையுங்களேன்."

அடைக்கலசாமி அம்மாவைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். சாந்தி மேரி ஒன்றும் தெரியாதவள் போல, "ஏங்க, ஒங்களுக்குச் சமைக்கத் தெரியுமா?" என்றாள்.

"எனக்கா? சமைக்கத் தெரியுமாவா?" மனுஷன் எழுந்து நின்றுவிட்டார். துவரம்பருப்பை எப்போது ஊறப் போட வேண்டும், புளியை எப்போது ஊற்றக் கூடாது, பெருங்காயத்தைப் பொரித்துப் போடுவதற்கும் கரைத்துப் போடுவதற்கும் என்ன வித்தியாசம், வடக்கத்தி ஆட்கள் ஏன் காரம் குறைவாகக் கேட்கிறார்கள், தெலுங்கு ஆட்கள் ஏன் அதை ஒப்புக்கொள்வதில்லை என்று அவர் பேசிய பேச்சு, ஆரோக்கியசெல்வம் போன பிறகும் நிற்கவில்லை. பத்து வருஷத்துப் பேச்சு அல்லவா. சாந்தி மேரி கன்னத்தில் கை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் முதல்முதலாகக் கேட்பது போலக் கேட்டாள். ஒரு பாதி நிஜமாகவே முதல்முதலாகத்தான் கேட்டாள்.

கல்யாணத்தன்று பூசை முடிந்து பந்தி விரித்தார்கள். பந்தலுக்குப் பின்னால் மூன்று அண்டா கொதித்தது. தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு அடைக்கலசாமி இங்கும் அங்கும் ஓடினார். மோர் வாளி தூக்கியவனை அதட்டினார். முதல் பந்தியில் சவரியம்மாவும் சாந்தி மேரியும் அமுதாவும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். சாம்பார் வாளியை அவரே எடுத்துக்கொண்டு வந்தார். சாந்தி மேரியின் இலைக்கு நேரே வந்ததும் குனிந்து ஊற்றி, வாளியைச் சாய்த்துப் பிடித்தபடி, "போதுமா?" என்று கேட்டார்.

"இன்னுங் கொஞ்சம் ஊத்துங்க" என்றாள் சாந்தி மேரி.